இரட்டையர் ஆட்டக்காரருக்கு அரைப் பேர் போடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டெனிஸிலிருந்து விடைபெறுவதாக இந்தியாவின் ரோஹன் போபண்ணா 2025 நவம்பர் 1ஆம் திகதி அறிவித்தார். அதற்கடுத்த நாட்களில் கையில் கிடைத்த தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். கிரிக்கெட் செய்திகளுக்குக் கீழே நாலைந்து வரிகள், படம்கூட இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் உலகம் முழுக்க ஆடி, 43 வயதில் இரட்டையர் தரவரிசையின் முதலாம் இடத்தைப் பிடித்த மனிதருக்கு இவ்வளவுதானா என்ற மனக்குறையில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் குடகுக்காரர், கோப்பித் தோட்டக்காரர் ஒருவரின் மகன். சேர்வுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடிக்குப் பலம் வர விறகு பிளந்ததையும், மூச்சு இளைக்காமல் இருக்கக் கோப்பித் தோட்டத்துக்குள் ஓடியதையும், வெடிப்பு விழுந்த தரையில் ஆடிப் பழகியதையும் விடைபெறும்போது எழுதிய குறிப்பில் சொல்லியிருந்தார். நம்முடைய முன்னோரும் கோப்பிக்காகத்தான் கடல் தாண்டி இலங்கையின் இந்த மலைக்கு வந்தார்கள். 1869இல் இலைநோய் தொடங்கி இங்கே கோப்பி அழிந்தது, அப்புறம்தான் தேயிலை. குடகில் கோப்பி இன்னும் நிற்கிறது. போபண்ணா தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைதான், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மலையில் பிறந்த பிள்ளை, பெரிய நகரத்து வசதி இல்லாமல் ஆரம்பித்த பிள்ளை என்ற வகையில் அவருடைய கதை நம் பிள்ளைகளுக்கு எட்டாத கதை இல்லை.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒற்றையர் ஆட்டத்தில் அவரால் உலகின் முதல் 200 பேருக்குள் வரவே முடியவில்லை. நம் ஊரில் என்றால் அத்தோடு 'சரி, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை' என்று ரக்கட்டைப் பரணில் போட்டிருப்பார்கள். அவர் இரட்டையருக்கு வந்தார். அங்கே காசும் குறைவு, பேரும் குறைவு. 2024 அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியில் ஒற்றையர் சம்பியனுக்குக் கிடைத்தது 31 இலட்சத்து 50 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலர். இரட்டையர் சம்பியன்களுக்கு 7 இலட்சத்து 30 ஆயிரம், அதுவும் இரண்டு பேருக்கும் சேர்த்து. பிரித்துப் பார்த்தால் ஒருவருக்கு எட்டில் ஒரு பங்குகூட வராது. சம்பியனுக்கே இப்படி என்றால் முதல் சுற்றில் தோற்றுப் போகிறவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பயிற்றுநருக்கும் விமான டிக்கெட்டுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்தவளுக்கு, நிறை குறைந்தது என்று அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிற கணக்கு போலத்தான் எனக்கு இது தெரிகிறது.

இரட்டையர் ஆட்டம் என்னவென்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் அப்பா. தோட்டத்துத் துரைமார் கூடும் ஒரு கழகத்தில் அவர் டெனிஸ் தரையைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கராக இருந்தார். விடியற்காலையில் செம்மண் தரையில் கல் உருளை இழுப்பார், சுண்ணாம்பில் கோடு போடுவார். பனி இறங்கினால் பந்து ஈரம் குடித்துக் கனத்துவிடும், எழும்பாது. அதனால் பந்துகளைத் துணியில் சுற்றி அடுப்படியில் வைத்துக் காயவிட்டு எடுத்து வருவார். நாங்கள் பையன்கள் வேலியோரம் நின்று பந்து பொறுக்குவோம். நாலாவது ஆள் வராத நாட்களில் அப்பாவை ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். எந்தத் துரையின் பக்கம் நின்றாலும் அந்தத் துரைக்கு எந்தக் கை பலவீனம் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் வரும் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு, சுலபமாக அடிக்கக்கூடிய பந்து துரைக்குப் போகிற மாதிரி ஆட்டத்தைத் திருப்பி விடுவார். வென்றதும் துரைக்குத்தான் கைதட்டல். ஆட்டம் முடிந்த பிறகு விறாந்தையில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. "பந்து அடிக்கிறவனைப் பார்க்காதே, மற்றவன் கால் எங்கே போகிறது என்று பார்" என்பார் என்னிடம். இன்றைக்கும் தொலைக்காட்சியில் ஆட்டம் போனால் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வலைக்கு முன்னால் குனிந்து நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார், சேர்வ் எங்கே விழ வேண்டும், தான் எந்தப் பக்கம் பாயப் போகிறேன் என்று. அடுத்த ஒரு நொடியில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். தொலைக்காட்சி பந்தைத்தான் காட்டும்.

இருபது வருடம் இந்த ஆட்டத்தை ஆடுவதென்றால் ஜோடி மாற்றி ஜோடி மாற்றித்தான் ஆட வேண்டும். 2010 அமெரிக்க பகிரங்கப் போட்டியில் போபண்ணா பாகிஸ்தானின் அய்சாம் உல் ஹக் குரேஷியோடு இறுதிப் போட்டிக்குப் போனார். ஐ.நா.வில் இருந்த இரு நாட்டுத் தூதர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஜோடியின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டையும், 6-6 என்று சமன் ஆன பிறகு ஆடும் டை-பிரேக்கரில்தான் விட்டார்கள். அணிசேர்ந்து ஆடுவது என்றால் என்ன என்று நம் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல படம் வேண்டுமா? 2017இல் கனடாவின் கப்ரியேலா டப்ரோவ்ஸ்கியோடு பிரெஞ்சு பகிரங்க கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். அதே வருடம் சென்னைப் பட்டத்தை வென்றது நம் தமிழ்ப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனோடு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பக்கத்தில் நின்றவர் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி. இந்த இரண்டு பெயர்களையும் நம் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இடையில் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினார். 2021இன் தொடக்கத்தில் மாதக்கணக்கில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. போர்த்துக்கலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, இதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஐயங்கார் யோகா முழங்காலைத் தாங்கிப் பிடித்தது. 2023இல் அவுஸ்திரேலியாவின் மெத்யூ எப்டனோடு சேர்ந்தார். அந்த ஜோடி அமெரிக்காவில் நடக்கும் இந்தியன் வெல்ஸ் போட்டியின் பட்டத்தை வென்றது, பிறகு அமெரிக்க பகிரங்க இறுதியில் தோற்றது. 2024 ஜனவரியில் மெல்பேர்னில் நடந்த அவுஸ்திரேலிய பகிரங்க இறுதியில் இத்தாலியின் பொலெல்லி - வாவாசோரி ஜோடியை 7-6, 7-5 என்று வென்றார்கள். டெனிஸின் நான்கு பெரிய போட்டிகளைத்தான் கிராண்ட்ஸ்லாம் என்பார்கள்; ஆண்கள் இரட்டையரில் அது அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம், 61ஆவது முயற்சி. அந்தப் போட்டித் தொடரின்போதுதான் முதலாம் இடமும் உறுதியானது. அதுவரை யாரும் அந்த வயதில் முதன்முறையாக அந்த இடத்துக்கு வந்ததில்லை.

ஆசிரியர் அவர்களே, முரளிதரனின் 800 விக்கெட்டை நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்குக் காரணம் உங்களைப் போன்ற பத்திரிகைகள் அதைத் திரும்பத் திரும்ப எழுதியதுதான். தோட்டப் பாடசாலையில் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து, அணியில் பதினொராவது ஆளாகவும் சேர முடியாமல், பதினைந்து வயதில் விளையாட்டையே விட்டுவிடுகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் வாசிக்க வேண்டியது 61ஆவது முயற்சியில் வென்றவரின் கதையை. ஞாயிறு பதிப்பில் ஒரு முழுப் பக்கம் போபண்ணாவுக்கு ஒதுக்கித் தாருங்கள். அவரோடு ஆடியவர்களின் பெயர்களும் படங்களும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அவுஸ்திரேலியப் போட்டி நடக்கும்போது ஒற்றையர் முடிவுகளுக்குக் கீழே இரட்டையர் முடிவுகளையும் போடுங்கள். இடம் இல்லையென்றால் சின்ன எழுத்திலாவது போடுங்கள், நாங்கள் கண்ணாடி போட்டு வாசித்துக்கொள்கிறோம். நாலு பெயரையும் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
டிக்கோயா.