அந்த உறையில் ஓட்டிஸின் முகத்தைப் போடுங்கள்

'ஓட்டிஸ் ப்ளூ' இசைத்தட்டைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்பவர்களுக்கு,

வணக்கம். அடுத்த முறை இந்தத் தட்டை அச்சுக்கு அனுப்பும்போது முன்னட்டையில் அதைப் பாடிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் படத்தைப் போடுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

1965 செப்டம்பரில் வெளிவந்தபோது அதில் இருந்தது பொன்னிற முடியுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், இன்றைக்கும் அதேதான். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கறுப்பினப் பாடகரின் முகம் தெரிந்தால் வெள்ளைக்காரர்கள் வாங்கமாட்டார்கள் என்று பயந்து, அட்டையில் வேறு எதையாவது போட்டு விற்பது அந்நாளைய அமெரிக்காவில் சர்வசாதாரணம். இன்றைக்கு யாருக்குப் பயம்?

உள்ளே இருப்பது முழுக்க ஓட்டிஸ். பதினொரு பாடல்களில் மூன்றுதான் அவர் எழுதியவை, அதிலும் ஒன்று ஜெர்ரி பட்லரோடு சேர்ந்து எழுதியது. மற்ற எட்டும் பிறர் பாடிப் பிரபலமானவை. ஆனால் கேட்கும்போது எது சொந்தம், எது இரவல் என்றே தோன்றாது. மெம்ஃபிஸில் பழைய சினிமா கொட்டகை ஒன்றில் நடந்துவந்த ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில், ஜூலை 9, 10 தேதிகளில், நடுவே இசைக்கலைஞர்கள் ராத்திரிக் கச்சேரிக்குப் போய்வந்த இடைவெளியோடு, கிட்டத்தட்ட முழுத் தட்டையும் பதிவு செய்துவிட்டார்கள். 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டை இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வெளியிட்டு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரில் வாசித்ததை இங்கே ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதித் தள்ளுகின்றன, அதன்மேல் ஓட்டிஸ் பாடுகிறார் என்பதைவிட ஓடுகிறார் என்றே சொல்லலாம்.

அப்புறம் சாம் குக். ஓட்டிஸ் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பாடகர், அந்தப் பதிவுக்கு ஏழு மாதம் முன்புதான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவருடைய பாடல்கள் மூன்று இதில் இருக்கின்றன. 'சேஞ்ச் கான்னா கம்' பாட்டைச் சாம் குக் பெரிய வயலின் கூட்டத்தோடு பாடியிருப்பார். ஓட்டிஸிடம் அந்த வயலின்கள் இல்லை, குரல் அங்கங்கே உடைகிறது, அதை அவர் ஒட்டவைக்கவும் பார்க்கவில்லை. நான் அதை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டதில்லை, முடியவும் முடியாது.

இதே தட்டில் உள்ள 'ரெஸ்பெக்ட்' பாட்டு ஓட்டிஸ் எழுதியது. 1967ல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதைப் பெண்ணின் பக்கத்திலிருந்து பாடி எங்கேயோ கொண்டுபோய்விட்டார், இன்று அது அவர் பாட்டு என்றே உலகம் நினைக்கிறது. சரி, அது நியாயமாகக் கைமாறிய பாட்டு. முகம் அப்படிக் கைமாறவில்லை, அதை எடுத்துவிட்டார்கள். அதே 1967 டிசம்பர் 10 அன்று, 26 வயதில், விஸ்கான்சினில் ஏரியில் விழுந்த விமானத்தில் ஓட்டிஸ் போய்விட்டார்.

என் அக்கா மகன் என் போனில் அந்தச் சின்னச் சதுரப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அக்காவா பாடுறாங்க?" என்று கேட்டான். பழைய அட்டைமேல் பாசம் உள்ளவர்களுக்காக அதை உள்ளே ஒரு தாளாக வையுங்கள். பின்னட்டையில் ஸ்டீவ் க்ராப்பர், டக் டன், அல் ஜாக்சன், பியானோ வாசித்த ஐசக் ஹேய்ஸ், ஊதியவர்கள் எல்லோருடைய பெயரையும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். போனில் வரும் படத்தையும் மறக்காமல் மாற்றுங்கள், பையன்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அன்புடன்,
ஓட்டிஸின் ரசிகன்