நான் சொல்லச் சொல்ல எழுதியவர்களுக்கு

அன்புள்ள அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஐயாவுக்கும்,

வணக்கம். போன வாரம் என் பி.ஏ. பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தது. அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். தடவிப் பார்த்தேன், வழவழப்பான ஒரு தாள். அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். மூன்று வருடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தேர்வுகள். அத்தனை விடைத்தாளிலும் இருப்பது உங்கள் பதினொரு பேரின் கையெழுத்து. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெய்லில் படிப்பேன், எழுதுவேன். ஆனால் கல்லூரித் தேர்வில் விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பிரெய்ல் தெரியாதே. அதனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும், நான் சொல்வதை எழுத வேண்டும். அவரை ஸ்கிரைப் என்போம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு எங்களுக்கு நான்கு மணி நேரம். ஒரு மணிக்கு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள். இதற்கு ஒருவர்கூட என்னிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. ஆட்டோவுக்கு அம்மா கொடுத்த பணத்தையும் திருப்பித்தான் கொடுத்தீர்கள்.

அக்கா, முதலில் உங்களிடம்தான் பேச வேண்டும். "நான் பிளஸ் டூவோட நின்னவ. காலேஜ் பரீட்சைல போய் என்னத்த எழுதப் போறேன்?" என்றுதானே போனில் முதல்முறை கேட்டீர்கள்? உங்கள் குரல் இறங்கியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாமே அழைத்து வரும் ஸ்கிரைபின் படிப்பு, தேர்வு எழுதுகிறவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. அப்படிப் பார்த்தால் என் தேர்வுக்குப் பிளஸ் டூ முடித்த நீங்கள்தான் சரியான ஆள். இதைச் சொன்னதும் சிரித்தீர்கள். "பதினஞ்சு வருஷமா குறைன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றீர்கள்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து பாடமும் படித்துக் காட்டினீர்கள். யாப்பு எனக்கு உயிர். செய்யுளை அலகிட, அதாவது அசை அசையாகப் பிரிக்க, கண் வேண்டாம், காது போதும். குறில், நெடில், ஒற்று என்று நான் விரலால் மேசையில் தட்டித் தட்டிப் பிரிப்பதைப் பார்த்து நீங்களும் தட்ட ஆரம்பித்தீர்கள். இரண்டே மாதத்தில், காய் நறுக்கும்போதும் நேர், நிரை ஓடுகிறது என்று சொன்னீர்கள்.

அந்தத் தேர்வில் 'கற்க கசடறக்' குறளை அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்லியிருந்தார்கள். தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். 'நிற்க' முடிந்து 'அதற்குத்' வந்தது. முந்தைய சீரின் ஓசை வாயிலேயே நின்றுவிட்டதோ என்னவோ, மறுபடியும் தேமா என்றேன். உங்கள் பேனா நின்றது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். அப்புறம் எழுதும் சத்தம் கேட்டது. 'தக' மலர் என்று முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம்.

பஸ் நிறுத்தத்தில்தான் சொன்னீர்கள். "அது புளிமாம்மா. அதற் நிரை, குத் நேர். எனக்குத் தெரிஞ்சுது. கையே ஓடல. ஆனா நீ சொன்னது தேமா." சொல்லிவிட்டு அழுதீர்கள், துரோகம் செய்துவிட்ட மாதிரி.

அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து எனக்கு உதவி செய்தவர்களில் பாதிப் பேர், நான் வாயைத் திறக்கும் முன்னே வாக்கியத்தை அவர்களே முடித்துவைப்பார்கள். ரோட்டோரம் தோழிக்காகக் காத்து நின்ற என்னைக் கேட்காமலே கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டவர்கள் உண்டு. எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் என் தப்பை என்னுடைய தப்பாகவே விட்டுவைத்த முதல் ஆள் நீங்கள். அதனால்தான் அந்தத் தாளில் வந்த மதிப்பெண் முழுக்க என்னுடையது. குறைந்ததும் என்னுடையது. அதற்குத்தான் அக்கா இந்த நன்றி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஐயா, நீங்கள் எம்.ஏ. படித்தவர் என்பதால் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத விதி இடம் தரவில்லை. "எழுதக் கூடாதுன்னா படிக்கிறேன்" என்றீர்கள். என் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். பார்வையில்லாத இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006இல் தொடங்கி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. அவர்களுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி. ஆனால் பழைய உரைநூல்கள் பலவும் பக்கத்தைப் போட்டோ எடுத்த பிடிஎஃப்கள். அவற்றைத் திறந்தால் திரைவாசிப்பான் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தில்தான் உங்கள் குரல் வந்தது. இப்படிப் பதிவு செய்வது பதிப்பாளருக்குச் செய்யும் தவறு ஆகிவிடுமோ என்று தயங்கினீர்கள். எங்களைப் போன்றவர்களுக்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது என்று தெரிந்த பிறகே முதல் பக்கத்தைப் படித்தீர்கள். உங்கள் பதிவுகளில் குக்கர் விசில் இருக்கும், பால்காரர் மணி இருக்கும், பேரன் "தாத்தா" என்று கூப்பிடுவது இருக்கும். இப்போதும் அகநானூற்றுப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தால் அதன் மூன்றாவது அடியில் உங்கள் வீட்டு விசில் சேர்ந்தே வருகிறது. அந்தப் பதிவுகளை அழிக்கவில்லை. ஜூனியர் பிள்ளைகள் இருவர் இப்போது கேட்கிறார்கள்.

மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டேன். காய்ச்சலோடு வந்து எழுதிய தோழிக்கும், தன் கடை ஷட்டரை நான்கு மணி நேரம் இறக்கி வைத்துவிட்டு வந்த அண்ணனுக்கும் இன்னொரு தடவை நன்றி.

இதைப் படிக்கிற புதியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது, ஸ்கிரைப் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம், பார்வைக் குறைபாடு மட்டுமல்ல, எழுத முடியாதபடி கை இழுத்துக்கொள்ளும் நிலையில் இருப்பவரும் ஸ்கிரைப் கேட்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆட்கள் இன்னும் அதிகம் வேண்டும். எழுத்து முத்து முத்தாக இருக்க வேண்டியதில்லை, திருத்துகிறவருக்குப் புரிந்தால் போதும். கேள்வியை நிதானமாக இரண்டு தடவை படியுங்கள். மதிப்பெண் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதியதைக் கேட்டால் வாசித்துக் காட்டுங்கள். வர முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேர்வன்று காலையில் வரும் "ஸாரி" எங்களுக்கு ஒரு வருடத்தைக்கூட வாங்கிவிடும். உங்கள் ஊர்க் கல்லூரியிலோ பார்வையற்றோர் பள்ளியிலோ போய்க் கேட்டாலே போதும்.

எனக்கும் அப்படி ஒரு காலை வந்தது. முதல் செமஸ்டர், இரண்டாவது தாள். ஒப்புக்கொண்டிருந்தவருக்கு உடம்பு முடியவில்லை என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் அம்மா அழுதுகொண்டே பேசி அனுப்பினார். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கப் போகாமல், தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து ஓடி வந்தீர்கள் தம்பி. அவசரத்துக்கு ஆளை மாற்ற விதியில் இடம் உண்டு. அது தெரியாத ஒருவரிடம் வாசலில் நின்று, கோபப்படாமல், வழிகாட்டுதலை வரிவரியாகப் படித்துக் காட்டினீர்கள். நான்கு மணி நேரம் எழுதினீர்கள். நடுவில் இரண்டு தடவை "ஒரு நிமிஷம்க்கா" என்று முகம் கழுவப் போனீர்கள். முடிந்ததும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியவர்தான், நம்பரும் மாறிவிட்டது. உங்கள் குரலும், பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தமும் மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன. ரிசல்ட்டை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் தாளில் 61 தம்பி. பாஸ்.

அன்புடன்,
உங்கள் எழுத்தில் பட்டம் வாங்கியவள்