அவளுடைய ஆசையைப் பற்றியும் எழுதுங்கள்

பெண்கள் பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் அந்தரங்கக் கேள்வி-பதில் பக்கங்களை நெடுங்காலமாகப் படித்துவரும் வாசகி எழுதுகிறேன். கணவருக்குத் தன்மேல் ஈடுபாடு குறைந்துவிட்டது என்று எழுதும் பெண்ணுக்கு எடை, உடை, ஒப்பனை என்று யோசனைகளை அடுக்குகிறீர்கள். தனக்கே ஆசை வருவதில்லை என்று எழுதுகிறவளுக்கும் ஏறக்குறைய அதே பதில்தான். ஆசை மிகுதியாக இருக்கிறது என்பவளைத் தியானம் செய்யச் சொல்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

விரும்பப்படுவது பெரிய இன்பம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. பல பெண்களுக்குக் காமத்தைத் தூண்டுவதே தாம் விரும்பப்படுகிறோம் என்ற உணர்வுதான் என்று அமெரிக்க உளவியலாளர் மார்த்தா மியானா வாதிட்டிருக்கிறார். இருக்கலாம். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் முன் காபித் தட்டுடன் நிற்கப் பழக்கப்பட்டவளுக்குத் தன் விருப்பம் எது, பிறர் விருப்பத்தால் வந்த நிம்மதி எது என்று பிரித்தறிய யார் அவகாசம் தந்தார்கள்? படுக்கையிலும் அவள் தன் வயிற்று மடிப்பையும் சிசேரியன் தழும்பையும் கணவனின் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன் உடலுக்கே பார்வையாளராகிவிடுபவர்களுக்கு இன்பம் தடைபடுகிறது என்று அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இலேயே எழுதிவிட்டார்கள். அந்தப் பார்வையாளரை இன்னும் கூர்மையாக்கத்தான் உங்கள் அழகுக் குறிப்புகள் உதவுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்டகால உறவில் பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை, நெருக்கம் தொடங்கிய பிறகே எழுகிறது என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டில் விளக்கினார். தனக்கு ஏதோ நோய் என்று அஞ்சும் எத்தனையோ பெண்களுக்கு இது ஆறுதல். ஆனால், "இணங்கிப் போ, ஆசை தானாக வரும்" என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். அவள் மனமுவந்து தொடங்குவதைத்தான் பாசன் பேசினார். வேண்டாம் என்பவளைப் பொறுத்துப்போகச் சொல்ல அதில் இடமே இல்லை.

தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் சொல்வதில்லை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. குறுந்தொகையில் பெண்புலவர் வெள்ளிவீதியாரோ, தன் அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்று தலைவியைப் புலம்பவைக்கிறார். அந்த வரியில் முதலில் வருவது 'எனக்கும்'. தலைவன் பிறகுதான் வருகிறான். இப்படிப் பாடிய மொழியில் பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு என்ன தயக்கம்?

ஆசை குறைந்தது என்று கடிதம் வந்தால், உடலுறவில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டுபோவதைச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கக்கூடும் என்று எழுதுங்கள். மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று கணவன் எப்போதாவது கேட்டிருக்கிறானா என்பதையும் விசாரியுங்கள். கர்ப்பப்பையைப் படம் போட்டு விளக்குவதுபோல் கிளிட்டோரிஸையும் விளக்குங்கள், அது இன்பத்துக்கான உறுப்பு என்ற விவரத்தோடு. கூச்சப்படாமல் பதில் சொல்லும் மகப்பேறு மருத்துவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்; அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி