கிராஸ் கன்ட்ரியை மறுபடி மண்ணுக்குக் கொண்டுவாருங்கள்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் பல்கலைக்கழக விளையாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியர். கல்லூரி நாட்களில் உங்கள் பல்கலைக்கழகத்தின் கிராஸ் கன்ட்ரி, அதாவது திறந்த வெளி நெடுந்தூர ஓட்ட அணியில் ஓடியவன். இந்த ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி எப்படி நடந்தது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மேடு பள்ளமும் மண்ணும் புல்லுமாக ஓட வேண்டிய 10 கிலோமீட்டரை 400 மீட்டர் ட்ராக்கில் 25 சுற்றாக ஓட வைத்தீர்கள். ட்ராக்கில் 25 சுற்று ஓடினால் அது 10,000 மீட்டர் ஓட்டம். அதற்குத் தடகளப் போட்டி தனியாக இருக்கிறது. அதையே இன்னொரு பெயரில் இன்னொரு தடவை நடத்தியிருக்கிறீர்கள்.

அன்றைக்கே வெளியிட்ட விளையாட்டு மலரையும் படித்தேன். கபடிக்கும் கைப்பந்துக்கும் பக்கம் பக்கமாக வரலாறு இருக்கிறது. இருக்கட்டும், அந்த வீரர்களும் நம் பிள்ளைகள்தான். கிராஸ் கன்ட்ரிக்கு மட்டும் இரண்டே வரி. எந்த ஆண்டு தொடங்கியது, எந்தெந்த ஊரில் நடந்தது, யார் யார் ஓடினார்கள், எதுவும் இல்லை.

என் கோரிக்கை இதுதான். அடுத்த ஆண்டிலிருந்து கிராஸ் கன்ட்ரியை மண்ணில் நடத்துங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடத்துங்கள். இங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

ட்ராக்கில் நடத்தியதால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். பெண்கள் போட்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி. ஏரியூர்ப் பக்கம் வீடு. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கும் முன்னால் விடியற்காலையில் கரட்டு மேட்டுப் பாதையில் ஏறி இறங்கி ஓடுகிறவள். ஏற்றம் வந்தால்தான் அவள் ஓட்டமே தெரியும், மற்றவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் முன்னே போய்விடுவாள். சமதளத்தில் வேகக்காரி இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அந்த ட்ராக்கிலும் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழக அணிக்கு எடுப்பது ஆறு பேரை.

முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் ஓடினார்கள். சுற்று எண்ண ஷாமியானாவுக்குக் கீழே அட்டையும் பேனாவுமாக இரண்டே பேர். முதல் சில சுற்றுகள் எண்ணைச் சத்தம் போட்டுச் சொல்லி எழுதினார்கள். பத்து சுற்று தாண்டியதும் முன்னால் போனவர்கள் பின்னால் வந்தவர்களைக் கடக்க ஆரம்பித்தார்கள், எல்லாரும் கலந்துவிட்டார்கள். நெஞ்சில் குத்தியிருந்த காகித எண்கள் வியர்வையில் நனைந்து மடங்கிக் கிடந்தன. அவள் 25ஆவது சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டி நின்றாள். அட்டை வைத்திருந்தவர் எழுந்து, "இன்னும் ஒரு ரவுண்டு இருக்கும்மா, ஓடு" என்று கையை ஆட்டினார். அவள் முழங்காலில் கையை ஊன்றியபடி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். "முடிஞ்சிடுச்சு" என்று நான் கத்தினேன். மைக் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மறுபடி ஓடினாள். அவள் அந்த 26ஆவது சுற்றை ஓடி வருவதற்குள் பின்னால் வந்த இருவர் தங்கள் 25ஐ முடித்துவிட்டார்கள். அவளை ஏழாவது என்று எழுதினார்கள்.

அவளுடைய ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஸ்டாப் வாட்ச் பார்த்து நான் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ரிசல்ட் எழுதியாச்சு சார், கையெழுத்தும் ஆயிடுச்சு" என்றார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் தாளை வாங்கிப் பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், இருபத்தஞ்சுதானே?" இருபத்தஞ்சுதான் என்றேன்.

நீண்ட ட்ராக் ஓட்டங்களில் சுற்று எண்ணும் ஒருவர் நான்கு பேருக்கு மேல் கணக்கு வைக்கக் கூடாது என்று உலகத் தடகள விதி சொல்கிறது. ட்ராக்கில்தான் நடத்துவேன் என்றால் முப்பது பேருக்கு எட்டுப் பேராவது அட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரிக்கோ விதியே வேறு. புல்லும் இயற்கையான மேடு பள்ளமும் உள்ள திறந்த வெளியில், 1,500 முதல் 2,000 மீட்டர் வரை நீளமுள்ள சுற்றுப் பாதை அமைக்க வேண்டும். தார் ரோட்டைக் கடப்பது முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். 2,000 மீட்டர் பாதை என்றால் 10 கிலோமீட்டருக்கு ஐந்தே சுற்று. ஐந்து சுற்றில் இந்த மாதிரிக் குழப்பத்துக்கு இடம் ஏது? மண்ணில் நடத்துங்கள் என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை 6.30க்குத் தொடங்க வேண்டிய போட்டி, பச்சைக் கொடி அசைக்கச் சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று எட்டரை மணிக்கு மேல்தான் தொடங்கியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரியைக் கொளுத்தும் வெயிலில் நடத்தினார்கள். 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் முடித்தார்கள், பலர் வழியிலேயே சுருண்டு விழுந்தார்கள். பின்லாந்தின் பாவோ நுர்மி ஜெயித்தார். ஆனால் அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே அந்தப் போட்டியை எடுத்துவிட்டார்கள். நம் ஊர் வெயிலில் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் காக்க வைத்து ஓடவிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வரலாறு எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, இது பள்ளியிலும் கல்லூரியிலும் பிறந்து வளர்ந்த விளையாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பள்ளிகளில், முன்னே ஓடுகிறவர் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே போக மற்றவர்கள் அந்தத் தடம் பார்த்துத் துரத்தும் விளையாட்டாக இருந்தது. 1880லேயே ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இதில் மோதிக்கொண்டன. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி 1938லிருந்து நடக்கிறது. இன்றுள்ள உலக சாம்பியன்ஷிப் 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. 1986 முதல் 2003 வரை 18 ஆண்டுகள் ஆண்கள் அணிப் பட்டத்தைக் கென்யா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மேட்டு நிலத்துக் கிராமங்களில் மண் பாதையில் ஓடி வளர்ந்தவர்கள் அவர்கள். நம் தளியும் தேன்கனிக்கோட்டையும் அஞ்செட்டியும் மேட்டு நிலம் இல்லையா? ஓசூரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கிளம்பிய வீராங்கனை சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதே மாவட்டத்து லட்சுமணன் 2017 ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கினார். புதுக்கோட்டையால் முடிந்தது தருமபுரியால் ஏன் முடியாது?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனை நேரம் என்று ஒன்று கிடையாது. ஒரு பாதை மாதிரி இன்னொரு பாதை இருக்காது என்பதால் நேரத்தை ஒப்பிட முடியாது. அணிக்கணக்கும் நேரத்தில் இல்லை. உலகப் போட்டியில் அணிக்கு ஆறு பேர் ஓடுகிறார்கள், அவர்களில் முதல் நான்கு பேரின் இடங்களைக் கூட்டி, குறைந்த எண் யாருக்கோ அவர்களுக்குப் பட்டம். ஆக, எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பாதை, யார் எத்தனையாவது என்ற கணக்குதான் இதற்குச் சாதனைப் புத்தகம். அதைத் தொலைத்துவிட்டால் ஓடியதற்கு அடையாளமே இல்லை.

நாங்கள் ஓடிய காலத்தில் போட்டி ஆண்டுக்கு ஒரு கல்லூரியாக மாறி மாறி நடக்கும். நடத்துகிற கல்லூரி முந்தின நாளே ஏரிக்கரையிலும் கரம்பு நிலத்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, திருப்பங்களில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடும். புளியமரத்தடியில் ஊர்க்காரர்கள் குடத்தில் மோரோடு நிற்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் எங்களுக்கு வழிவிட்டு ஆடுகளை ஓரம் கட்டுவார்கள். எங்கள் பி.டி. சார் இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார்: பாதையின் படம், மண் ஈரமா காய்ச்சலா என்ற குறிப்பு, ஓடியவர்கள் பெயர், வந்த இடம். அவர் ஓய்வு பெற்றதும் அந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. அதில் இருந்தவர்கள் இன்று போலீசிலும் ராணுவத்திலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள், என்னைப் போல வாத்தியாராகவும் இருக்கிறார்கள். கேட்டால் ஆளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு போட்டோவாவது எடுத்துத் தருவார்கள். யாரும் கேட்கவில்லை.

பாதுகாப்புக்காகத்தான் ட்ராக்குக்கு மாற்றினோம் என்று உங்கள் தரப்பில் சொல்கிறார்கள். பாதையை நன்றாகப் பார்த்து, முள்ளையும் கல்லையும் பொறுக்கி, சுற்றுக்கு நடுவில் 108 வண்டியை நிறுத்தினால் எந்த மூலைக்கும் சில நிமிடங்களில் போய்விடலாம். மண்ணில் ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு மண்ணில் என்ன ஆபத்து? பெண்கள் முந்தின நாள் இரவே வந்தும் தங்க இடம் தரவில்லையே, அது பாதுகாப்பில் சேராதா? சேர்க்கையின்போது ஒவ்வொரு மாணவரிடமும் விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறீர்கள். பல கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது. மைதானத்தில் பாதி கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. மேடைக்கும் மாலைக்கும் சால்வைக்கும் பணம் இருக்கிறது, சுற்று எண்ண இன்னும் ஆறு பேரை உட்கார வைக்க முடியவில்லை. ஓட வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ராகிக் களி சாப்பிட்டுவிட்டு வருகிற வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, கொஞ்சம் காட்டமாகிவிட்டது. சொன்னதில் பொய் இல்லை, ஆனால் சண்டைக்காக எழுதவில்லை. பணிவாகவே கேட்கிறேன்.

அடுத்த கிராஸ் கன்ட்ரியை மண்ணில் நடத்துங்கள். கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ, ராயக்கோட்டைக் கரட்டு ஓரமோ, அரூர்ப் பக்கமோ, எங்கே என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். பாதை அளக்கவும் கோடு போடவும் கொடி நடவும் இந்த இரண்டு மாவட்டத்துப் பழைய ஓட்டக்காரர்கள் வருகிறோம், ஒரு ரூபாய் வேண்டாம். பெண்களுக்கு முந்தின இரவு தங்க ஏற்பாடு செய்யுங்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் 6.30க்குப் போட்டியைத் தொடங்குங்கள். பழைய அணிகளின் விவரங்களைச் சேர்க்க ஒரு சுற்றறிக்கை விடுங்கள், அடுத்த மலருக்குள் நாங்களே தொகுத்துத் தருகிறோம்.

அந்த மாணவியின் 26 சுற்று நேரங்களையும் குறித்த தாளின் நகலை இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணி கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. தயவுசெய்து அந்தத் தாளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அவளுக்குச் சேர வேண்டிய இடத்தை அவளுக்குக் கொடுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பல்கலைக்கழக கிராஸ் கன்ட்ரி அணியின் முன்னாள் ஓட்டக்காரன்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்