அரங்கம் கட்டும் பணமும் அதைக் காக்கும் பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகை குதிரைப் பந்தய மைதானத்தை 2024 ஜூன் மாதம் அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது முதல், நீலகிரியில் எங்கெல்லாம் அரசு நிலம் சற்றுச் சமதளமாகக் கிடக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பெரிய விளையாட்டரங்கமோ கலையரங்கமோ எழுப்பினால் என்ன என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைக் குறித்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். அரங்கமே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. கட்டுவதற்கு எத்தனை கோடி கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டி முடித்தபின் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும், அதை யார் தருவார்கள் என்று கேட்பவர் இல்லை என்பதே என் முறையீடு.

இதற்குக் கணக்கு எழுதும் முறையே ஒரு காரணம். அரங்கம் கட்டும் தொகை மூலதனக் கணக்கில் வருகிறது. மாநில அரசின் மானியமாகவோ, சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியாகவோ, ஏதேனும் ஒரு துறையின் சிறப்புத் திட்டமாகவோ அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதால், உள்ளூர் மன்றத்தில் அதைப் பற்றி ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை. அடிக்கல் நாட்டுகிறார்கள், கல்வெட்டு வைக்கிறார்கள், திறப்பு விழாவும் நடந்துவிடுகிறது. மறுநாள் காலையிலிருந்து காவலாளியின் சம்பளம், மின்கட்டணம், கழிப்பறைக்குத் தண்ணீர், புல் வெட்டும் கூலி, கூரைத் தகடு மாற்றும் செலவு ஆகிய யாவும் வருவாய்க் கணக்கில் ஏறத் தொடங்குகின்றன. அந்தக் கணக்கில் வரவாக இருப்பவை சொத்துவரியும் கடை வாடகையும் குடிநீர்க் கட்டணமும்தான். 2022-இல் சொத்துவரி திருத்தப்பட்டபோது, நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கே 25 சதவீதம் கூடியது. 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு வரி இரட்டிப்பானது. இதற்கு மேலும் மக்களிடம் கேட்க எந்த மன்றத்துக்கும் துணிவு வராது. ஆகவே அரங்கத்தின் கூரை ஒழுகினால், உடைந்த குடிநீர்க் குழாய்க்கும் நிரம்பி வழியும் குப்பைக்கிடங்குக்கும் பின்னால்தான் அந்தச் செலவு வரிசையில் நிற்கும், நிற்கவும் வேண்டும். யானையைக் கட்டித் தீனி போட முடியாதவனுக்கு யானையைத் தானமாகக் கொடுப்பது உதவி ஆகாது.

நீலகிரிக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1970-களின் நடுவில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக, பெரும்பகுதி மத்திய அரசின் பணமாக, பல ஆண்டுகள் இம்மாவட்டத்துக்கு நிதி வந்தது. உதகையின் திறந்தவெளி விளையாட்டு மைதானம் இன்றும் அத்திட்டத்தின் ஆங்கில எழுத்துகளாலேயே எச்.ஏ.டி.பி. மைதானம் என்று அழைக்கப்படுகிறது. 2015-ஐ ஒட்டி மத்திய அரசின் அந்தத் தனி உதவி நின்றுபோனது. மாநில அரசு தன் நிதியிலிருந்து திட்டத்தைத் தொடர்கிறது. பணம் தந்த கை பின்வாங்கிய பிறகும் அந்தப் பணத்தில் எழுந்த சாலைகளும் தடுப்புச் சுவர்களும் கட்டடங்களும் பழுது பார்க்கப்பட வேண்டியவையாக இங்கேயே இருக்கின்றன.

அடுத்தது நிலம். மலையில் சமதளமாகத் தெரியும் இடங்களில் பெரும்பாலானவை முன்பு நீர் நின்ற இடங்கள். ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய உதகை ஏரி முதலில் இன்றைய அளவைவிட மிகப் பெரிதாக இருந்தது என்பதும், அது சுருங்கிய பரப்பில்தான் இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அமைந்தன என்பதும் பலர் அறிந்த செய்தி. அத்தகைய தரையில் கனமான பார்வையாளர் மாடங்களை எழுப்புவதானால் அடித்தளத்துக்கும் வடிகாலுக்கும் ஆகும் செலவு சமவெளியைவிடக் கூடும். மழைநீர் உள்வாங்கும் பள்ளத்தை மூடுவதால் கீழேயுள்ள தெருக்களில் வெள்ளம் புகும் செலவு எந்த மதிப்பீட்டிலும் வராது. சதுப்பைத் தொடாமல் சரிவை வெட்டலாம் என்றால், 2009 நவம்பரை நினைவுகூர வேண்டும். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டிய அந்த நாள்களில் குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்களில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு கால்பந்து மைதானத்துக்குத் தேவையான நீள அகலத்தைச் சரிவிலிருந்து வெட்டி எடுப்பதென்றால், மேற்புறம் பல மீட்டர் உயரத்துக்கு மண் நிர்வாணமாக நிற்கும். அதைத் தாங்கும் தடுப்புச் சுவரின் விலை சில இடங்களில் மைதானத்தின் விலையையே மிஞ்சிவிடும். கட்டடங்களுக்கு ஏழு மீட்டர் உயர வரம்பை 1993-லேயே மலைநகரங்களுக்கு விதித்த அரசு, தன் சொந்த அரங்கத்துக்கு மட்டும் விலக்குத் தேடிக்கொள்ளுமானால், சாதாரணக் குடியிருப்பாளரிடம் எந்த முகத்தோடு அந்த விதியைக் காட்டும்?

திட்டம் போடுகிறவர்களின் மேசைக்குப் பெரும்பாலும் எட்டாத செய்தி ஒன்று உண்டு. நான் மிக முக்கியமாகக் கருதுவதும் அதுதான். இம்மாவட்டத்துக்கு மழைக்காலம் ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, உதகையின் மேற்குப் பகுதி ஆகியவை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பதிவானது. அதே மாதங்களில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் சாரலோடு ஆட்டம் நடத்திவிடலாம். அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழாகிறது: வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவை அடித்துக்கொண்டு போகும்போது மேற்கே ஒப்பீட்டளவில் வெயில் காய்கிறது. உதகைக்கும் குன்னூருக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே பெருந்தொகையைச் செலவிட்டு ஓரிடத்தில் ஒரே பெரிய அரங்கத்தைக் கட்டினால், அது எந்தப் பக்கம் அமைந்தாலும் ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் ஈரத்தில் மூடிக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி வேறு. அதே தொகையை மேற்கிலும் கிழக்கிலுமாக மாடங்களற்ற, நல்ல வடிகால் உள்ள எளிய மைதானங்களுக்குப் பகிர்ந்தால், மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு எந்த மாதத்திலும் ஏதாவது ஓரிடத்தில் காய்ந்த தரை கிடைக்கும். சமவெளியில் இருந்துகொண்டு வரைபடத்தில் புள்ளி வைப்பவர்களுக்கு இது தெரியாமல் போவதில் வியப்பில்லை. உள்ளூர்ப் பிரதிநிதிகளும் இதை எடுத்துச் சொல்லாததுதான் வருத்தம்.

தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் மாநில அரசின் திட்டத்தை நான் வரவேற்கிறேன். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் என மூன்று தொகுதிகள் உள்ளன. ஆனால் அத்திட்டம் முதலில் அறிவிக்கப்பட்டபோது தொகுதிக்கு 3 கோடி ரூபாய் என்றே கணக்கு வைக்கப்பட்டது. தஞ்சாவூரில் வயலோரத்தில் 3 கோடிக்குக் கிடைப்பது பந்தலூரில் கிடைக்காது. இங்கே மணலும் கம்பியும் மலைப்பாதை ஏறி வர வேண்டும். வேலை செய்யும் நாள்கள் குறைவு. வடிகாலும் தடுப்புச் சுவரும் கூடுதல். ஒரே தொகை என்ற சமத்துவம் மலையில் அரைகுறை வேலையாகத்தான் முடியும்.

சுற்றுலாப் பயணிகள் பெருகுவார்கள், ஊருக்கு வருமானம் வரும் என்ற வாதத்தை விரைவாகவே கடந்துவிடலாம். மே மாதத்தில் தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சிக்கே ஊர் கொள்ளாமல் கூட்டம் வருகிறது. அந்த நெரிசலைத் தாங்க முடியாமல்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்து, 2025 கோடைக்கு உதகைக்குள் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பு கட்டியது. வாசலில் எண்ணி அனுமதிக்க வேண்டிய நிலையிலுள்ள ஊருக்குக் கூட்டம் சேர்க்க மக்கள் பணத்தில் அரங்கம் கட்டுவது விந்தையான பொருளாதாரம். மேலும், அரங்கத்தில் செலவழிக்கப்படும் பணத்தில் பெரும்பகுதி அதே ஊரின் வேறு கடைகளில் செலவாகியிருக்க வேண்டிய பணமே என்பதைப் பல நாட்டுப் பொருளியலாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டிய அரங்கத்தின் கடன் 2006-இல்தான் தீர்ந்தது. அதற்காக அம்மாநில மக்கள் முப்பது ஆண்டுகள் புகையிலை மீது சிறப்பு வரி செலுத்தினார்கள்.

நம் மாநிலத்திலும் பார்க்க வேண்டியவை உண்டு. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் கண்ணுக்கு நிறைவானது. ஆயினும் பொங்கலையொட்டிய புகழ்பெற்ற அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஊருக்குள் தன் பழைய வாடிவாசலிலேயே தொடர்ந்து நடக்கிறது. மக்கள் தங்கள் வழக்கத்தைக் கட்டடத்துக்காக இடம் மாற்றிக்கொள்வதில்லை. சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காக எழுந்த மூன்று மாடங்கள் அனுமதிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அது அரசுப் பணமன்று என்றாலும், சென்னையிலேயே அப்படியென்றால், வனத்துறை, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், புவியியல் துறை எனப் பல படிகளில் ஒப்புதல் பெற வேண்டிய இம்மாவட்டத்தில், ஒப்புதல் கைக்கு வருமுன் டெண்டர் விடும் அவசரம் எதில் போய் முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கை நான் மனமார ஏற்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தடகள வீரர்கள் தங்கிப் பயிற்சி பெறுவதால் உடலில் சிவப்பணுக்கள் பெருகி மூச்சுத்திறன் கூடுகிறது. இந்த வசதியைச் சென்னையோ கோவையோ எவ்வளவு பணம் கொடுத்தாலும் உண்டாக்கிக்கொள்ள முடியாது. எனவே தரமான ஓடுதளமும், வெளியூர் வீரர்கள் தங்கும் விடுதியும், ஒரு விளையாட்டு மருத்துவரும் இங்கே இருப்பதற்குப் பொதுப்பணம் செலவிடுவது நியாயம். அதற்குப் பத்தாயிரம் பேர் உட்காரும் மாடம் தேவையில்லை. பயிற்சியைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கப் போவதில்லை.

கலையரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதகையில் பழங்குடியினர் பண்பாட்டு மையம் இருக்கிறது. அரசு விழாக்களும் கூட்டங்களும் அங்கே நடக்கின்றன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் ஆடலும் இசையும் தங்கள் தங்கள் ஊர்களில், தங்கள் சடங்குகளின் காலத்தில் நிகழ்பவை. படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் திரளும் மக்கள் எந்தக் குளிரூட்டப்பட்ட மண்டபத்தையும் கேட்டதில்லை. புதிய மண்டபம் எழுப்பி அதில் ஆண்டுக்கொருமுறை சுற்றுலாப் பயணிகளுக்காகப் பதினைந்து நிமிட நடனம் நடத்துவதைவிட, ஊர்களுக்குச் செல்லும் பாதையையும் ஊர்ப் பொதுவெளிகளையும் சீர்செய்வதும், இருக்கும் மையத்தை மாணவர் நாடகத்துக்கும் உள்ளூர் இசைக்குழுக்களுக்கும் குறைந்த வாடகையில் திறந்துவிடுவதும் கலைக்குச் செய்யும் தொண்டு. வாடகைப் பட்டியல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு நாள் போகும்படியான மண்டபங்கள் நம் மாநிலத்தில் ஏராளம் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தார் 2023 டிசம்பரில் புதிய அரங்கத்துக்கான விற்பனை வரியை வாக்களித்து ஏற்றார்கள். சில மாதங்கள் கழித்து, 2024 ஏப்ரலில், கன்சாஸ் நகரத்தை உள்ளடக்கிய ஜாக்சன் மாவட்டத்தார் அதே போன்றதொரு வரியை வாக்களித்து மறுத்தார்கள். இரண்டு முடிவுகளில் எது சரி என்பதல்ல செய்தி. பணம் கொடுப்பவரிடம் முன்கூட்டியே கேட்டார்கள் என்பதே செய்தி. நம்மிடம் அப்படியொரு வாக்கெடுப்பு இல்லை. ஆனால் 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. கிராமங்களில் கிராம சபை நெடுங்காலமாக இருக்கிறது. தெருவிளக்கையும் சாக்கடையையும் பேசும் அந்தக் கூட்டங்களில் அரங்கத்தையும் பேசலாம்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். எந்த விளையாட்டரங்கத்துக்கும் கலையரங்கத்துக்கும் நிர்வாக அனுமதி கேட்கும் முன்பு, முப்பது ஆண்டுகளுக்கான பராமரிப்பு மதிப்பீட்டையும், ஆண்டில் எத்தனை நாள் எவருக்கு அது பயன்படும் என்ற கணக்கையும், மண் ஆய்வு அறிக்கையையும் தமிழில் எழுதி, சம்பந்தப்பட்ட பகுதி சபையிலும் கிராம சபையிலும் வைக்க வேண்டும். கட்டுமான மானியத்தின் ஒரு பங்கைத் தனி வைப்புத்தொகையாக ஒதுக்கி, அதன் வட்டியிலிருந்து மட்டுமே பராமரிப்பு நடக்குமாறு ஆணையிட வேண்டும். அத்தகைய நிபந்தனையை ஏற்காத துறையின் பணத்தை மன்றம் பெறக் கூடாது. கையிலுள்ள மைதானங்களில் பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் அமையும் வரை புதிய மாடங்களுக்கான கோப்புகளை நிறுத்தி வைக்கலாம்.

நகராட்சிகளின் நிதிநிலை அறிக்கைகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மன்றங்களின் முன் வருகின்றன. அதற்குமுன் உதகை, குன்னூர், கூடலூர் நகராட்சிகளும் கோத்தகிரியும் தத்தம் பொறுப்பிலுள்ள மைதானங்கள், மண்டபங்களின் சென்ற ஆண்டு வரவையும் செலவையும் வெளியிடுமானால், அவற்றைத் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் பிரசுரித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
கோத்தகிரி.