வீட்டில் அடிபடும் வளரிளம் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டறியக் கோரும் மனு

அனுப்புநர்:
குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் உள்ள சமூகப் பணியாளர்கள், உளவியல் ஆலோசகர்கள்,
திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: 10 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் மீது வீட்டில் நடக்கும் உடல் வன்முறை – ஆபத்துள்ள குடும்பங்களைக் கையிலுள்ள பதிவுகளைக் கொண்டே அடையாளம் காண உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, குடும்பத்துக்குள் அடிபட்ட குழந்தைகளில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோர். 13 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில் தமிழ்நாடு இல்லை. அதை வைத்து இங்கே நிலைமை வேறு என்று ஆறுதல் கொள்ள முடியாது.

வறுமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கையில் காசில்லாத பெற்றோர் பலர் பிள்ளை மேல் கை வைப்பதில்லை. பல சுமைகள் ஒரே வீட்டில் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. இந்த ஊரில் அந்தச் சேர்க்கை எல்லாருக்கும் தெரிந்ததே: ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு திரும்பும் தாய், சனிக்கிழமைச் சம்பளத்தோடு டாஸ்மாக் போகும் தந்தை, குழுக் கடனின் வாரத் தவணை, ஐந்து பேர் படுக்கும் ஒற்றை அறை லைன் வீடு. வெளிமாநிலக் குடும்பமென்றால், பிள்ளை போய்ச் சொல்லப் பாட்டியோ மாமாவோ பக்கத்தில் இருப்பதில்லை. பெற்றோரே அடிவாங்கி வளர்ந்தவர்கள் என்றால், "நாங்க வாங்காத அடியா?" என்பதே அவர்கள் நியாயம். பத்தாம் வகுப்பு மதிப்பெண், செல்போன், காதல் என்ற சந்தேகம் ஆகியவை அடிக்கான சாக்குகள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் நாங்கள் பார்க்கும் அறிகுறி, கணவன் மனைவியை அடிப்பது. அம்மாவைக் காப்பாற்றக் குறுக்கே நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் அடி விழும். அடிபட்டு மனம் சோர்ந்த தாயும் பிள்ளையை அடிப்பார். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் படிவம் 1இல் குழந்தைகளின் பெயர், வயது, யாரிடம் இருக்கிறார்கள் என்ற விவரம் ஏற்கெனவே உண்டு. 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை உள்ள ஒவ்வொரு படிவத்தின் நகலும் 3 நாளில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகவும், 7 நாளில் ஒரு பணியாளர் பிள்ளையைத் தனியாகச் சந்திக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். பெண்கள் உதவி எண் 181க்கு வரும் அழைப்புகளிலும், வீட்டில் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை உண்டா என்று கேட்கலாம். இதற்குப் புதிய நிதி வேண்டியதில்லை.

பள்ளிகளில் நல்லெண்ணமே சில நேரம் கெடுதலாகிறது. காயத்தைப் பார்த்த ஆசிரியர் தந்தையை வரச்சொல்லி விசாரிப்பார். அன்றிரவு பிள்ளைக்கு இன்னும் அதிகமாக விழும். முழங்கால், முழங்கை, நெற்றிக் காயங்கள் விளையாட்டில் வரலாம். முதுகு, தொடை, மேல்கை, காது ஆகிய இடங்களில் இருந்தால் கவனிக்க வேண்டும். கம்பால் அடித்தால் இரண்டு இணைகோடுகளாகவும், மடித்த ஒயரால் அடித்தால் வளைவாகவும் தழும்பு விழும். பிள்ளையிடம் தனியே பேசி, சொன்ன சொற்களை அப்படியே எழுதி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், பெற்றோரை அழைக்கும் முன் குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தெரிவிக்கும்படி தலைமை ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை தேவை. எலும்பு முறிவு, சூடு வைத்தல், தலைக்காயம், வீட்டுக்குப் போகப் பயம் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும் அன்றே குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிய வேண்டும்.

"பெற்றவங்க அடிச்சா கேஸா?" என்று காவல் நிலையத்தில் கேட்கப்படுவது வழக்கம். பாதுகாவலர் நல்லெண்ணத்தில் செய்தது குற்றமாகாது என்ற பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் சட்டம்) பிரிவு 27இன் விலக்கு, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மனநிலை பாதிக்கப்பட்டவர்களுக்கும் மட்டுமே. தன் பொறுப்பில் உள்ள குழந்தையை அடித்துத் துன்புறுத்துவோரைத் தண்டிக்கும் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் பிரிவு 75 பெற்றோருக்கும் பொருந்தும். 3 ஆண்டு வரை சிறை உண்டு. காவலர்களுக்கு இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் வழக்கு வேண்டும் என்பதல்ல எங்கள் எண்ணம். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவை உதவி.

அந்த உதவி ஒருநாள் விழிப்புணர்வு முகாமாக இருந்தால் பயனில்லை. அடிப்பவர் முகாமுக்கு வருவதில்லை. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் பகுதியில் 40 ஊர்களில் 552 குடும்பங்களோடு நடந்த சோதனையில், பாதி ஊர்களில் பெற்றோரும் வளரிளம் பிள்ளைகளும் சேர்ந்து 14 வாரம் பயிற்சி பெற்றார்கள், நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள். சில மாதம் கழித்து, அடிப்பது குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். குடியும் மன உளைச்சலும் குறைந்திருந்தன. பிள்ளைகள் சொன்னதில் மட்டும் உறுதியான குறைவு தெரியவில்லை. எனவே இங்கே நடத்தினால் பிள்ளைகளையும் தனியாகக் கேட்டே அளவிட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, இரண்டு வார்டுகளில் தொடங்கலாம். வகுப்பு ஞாயிறு காலையில் மட்டுமே சாத்தியம். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள் (ஷிப்மென்ட்) நெருங்கினால் அதையும் தள்ளிவைக்க வேண்டிவரும்.

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும்போதே தாயிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: கடந்த 2 வாரத்தில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை என்ற கணக்கில், மொத்தம் 6க்கு 3 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பலாம்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் ரூ.4,000 உதவி உண்டு. ஆனால் நகர்ப்புற ஆண்டு வருமான வரம்பு ரூ.96,000. கணவன் மனைவி இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீடு இதைத் தாண்டிவிடும். அந்த வருமானத்தில் தவணைக்குப் போவது எவ்வளவு என்பதை அந்த வரம்பு பார்ப்பதில்லை. வரம்பைத் தளர்த்த அரசுக்குப் பரிந்துரை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
மேற்கண்ட பணியாளர்கள், ஆலோசகர்கள்