மூணு நோடுக்கும் ஒரே ஐபி: கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பத்து நாளா என்னோட சேர்ந்து மண்டைய உடைச்சுக்கிட்ட உங்களுக்கு ஒரு வார்த்தைல நன்றி சொல்லி முடிக்க மனசு வரல, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

பிரச்சனை உங்களுக்கே தெரியும். விர்ச்சுவல்பாக்ஸ்ல மூணு விஎம் (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற மெய்நிகர் மெஷின்), அதுல குபர்நெட்டீஸ் கிளஸ்டர் (பல மெஷின சேர்த்து ஆப்ப ஓட்டுற அமைப்பு, ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட்), நோடுங்களுக்கு நடுவுல நெட்வொர்க்குக்கு ஃபிளானல். சர்வீஸ (ஆப்போட மூணு பாட்டுக்கும், அதாவது ஓடுற மூணு பிரதிக்கும், பொதுவான முகவரி) கூப்பிட்டா ஒரு தடவ டக்குனு பதில் வரும், அடுத்த தடவ அப்படியே தொங்கும், மறுபடி அடிச்சா வந்துரும். விஎம்முக்கு விஎம் பிங் ஒரு பாக்கெட் கூட விடாம போயிட்டு இருந்ததால நெட்வொர்க் மேல எனக்கு சந்தேகமே வரல, நாலு நாள் என் கோடையே நோண்டிட்டு கிடந்தேன்.

முதல் நன்றி அக்காவுக்கு. "அப்பப்போ ஃபெயில் ஆகுதுன்னு சொன்னா பத்தாதுப்பா, எந்த நோட்ல இருந்து எந்த நோட்டுக்கு போறப்போ ஆகுதுன்னு எழுதி வை"ன்னீங்க. அன்னிக்கு ராத்திரியே ஒரு தாள்ல மூணுக்கு மூணுன்னு 9 கட்டம் போட்டு, சர்வீஸ விட்டுட்டு ஒவ்வொரு பாட் ஐபிக்கும் நேரா கர்ல் (ரிக்வெஸ்ட் அனுப்புற கமாண்ட்) அடிச்சு டிக் போட்டுட்டே வந்தேன். ஒரே நோட்டுக்குள்ள இருந்தா டிக், நோட் தாண்டினா ஒண்ணு கூட இல்ல, மொத்தமே 3 டிக்தான். அதாவது சர்வீஸ் மூணு பாட்ல ஏதோ ஒண்ணுக்கு அனுப்புது, அது அதே நோட்ல இருக்குறதா அமைஞ்சா பதில் வருது, இல்லன்னா தொங்குது, அவ்ளோதான். அந்த தாள பாத்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு.

அடுத்து அண்ணன். விஎம்மோட ரெண்டாவது நெட்வொர்க் கார்டுல யுடிபி 8472க்கு (ஃபிளானல் நோட்டுக்கு நோட் அனுப்புற போர்ட்) டிசிபிடம்ப் (போற வர்ற பாக்கெட்ட காட்டுற டூல்) போட சொன்னீங்க, ஒரு பாக்கெட் கூட இல்ல. உடனே நோட் லிஸ்ட்ட வைட் அவுட்புட்ல எடுக்க சொன்னீங்க. இன்டர்னல் ஐபி காலம்ல 10.0.2.15, 10.0.2.15, 10.0.2.15. இத்தனை நாளா என் கண்ணுல படவே இல்ல! ஒவ்வொரு விஎம்முக்கும் முதல் கார்டு தனித்தனி நாட் (NAT, விஎம் வெளிய இன்டர்நெட்டுக்கு போற வழி), அதனால மூணுக்கும் அதே ஐபி, டிஃபால்ட் ரூட்டும் அது வழியாத்தான், நாம எதுவும் சொல்லலன்னா ஃபிளானல் அந்த கார்டைத்தான் எடுத்துக்கும். விஎம்முங்க ஒண்ணோட ஒண்ணு பேசுறது ரெண்டாவது கார்டுல, பிங் போனதும் அதுலதான். ஒர்க்கர் நோட்ல ஓடுற பாட்டோட லாக் கேட்டா அப்படி ஒரு பாட்டே இல்லன்னு வந்ததுக்கும் இதேதான் காரணம், கிளஸ்டரோட மையமான ஏபிஐ சர்வர், தன்னோட மெஷின்ல இருக்குற குப்லெட்டையே (ஒவ்வொரு நோட்லயும் பாட்டுங்கள ஓட்டுற ஏஜென்ட்) கேட்டுட்டு இருந்திருக்கு.

தம்பி, உன்ன மறக்கவே மாட்டேன்டா. உன் மெஷின்லயும் இதே மாதிரி மூணு விஎம் ஏத்தி, அதே தப்ப வரவெச்சு, ஃபிளானலுக்கு ஐஃபேஸ் ஆப்ஷன் (எந்த கார்ட எடுக்கணும்னு சொல்றது), குப்லெட்டுக்கு நோட் ஐபி, ரெண்டையும் உன்கிட்ட டெஸ்ட் பண்ணி பாத்துட்டுதான் எனக்கு அனுப்பின. இப்போ மூணும் 192.168.56.11, 12, 13ன்னு தனித்தனியா நிக்குது. புதுசா கட்டம் போட்டு மறுபடி அடிச்சேன், 9லயும் டிக்.

அக்கா, ரெண்டு தாளையும் பத்திரமா வச்சிருக்கேன்.